வினவலில் விடுபட்ட மாணவர்: பிழை திருத்த உதவும் முறை

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் நிரலாக்கமும் எஸ்.க்யூ.எல். வினவல் மொழியும் இடம்பெற்றுள்ளன. கணினி ஆய்வகத்தில் நாம் அடிக்கடி கேட்கும் குரல், "சார், சரியா வரலை" என்பதுதான். கல்லூரிக்குச் சென்றபின் கைபேசியில் ஐயம் கேட்கும் முன்னாள் மாணவரும், மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் சக ஆசிரியரும் இதையே சொல்கிறார்கள். விசைப்பலகையை வாங்கி நாமே திருத்திக் கொடுத்தால் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அடுத்த வாரம் அதே பிழையோடு அவர் மீண்டும் வருவார். பிழையைக் கண்டுபிடிக்கும் வழியையும் சேர்த்துக் கொடுப்பதே நிலைக்கும் உதவி.

முதலில் கேட்க வேண்டிய நான்கு

1. அட்டவணையில் என்னென்ன புலங்கள் உள்ளன? எது எண், எது எழுத்து?
2. எழுதிய வினவல் அல்லது நிரல் எது? நினைவிலிருந்து சொல்லாமல், தட்டச்சு செய்தபடியே காட்ட வேண்டும்.
3. என்ன விடை வர வேண்டும்?
4. என்ன விடை வந்தது? பிழைச்செய்தி எனில் அதன் சொற்கள் அப்படியே வேண்டும்.

இவற்றுள் மூன்றாவது கேள்விக்கே பலரும் தடுமாறுவர். வர வேண்டிய விடை எது என்று தெரியாதவருக்கு, வந்த விடை தவறு என்பதும் தெரியாது. ஆகவே அட்டவணையைச் சுருக்கச் சொல்லுங்கள். 500 பதிவுகளைக் கண்ணால் சரிபார்க்க முடியாது; 5 பதிவுகளை முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஐந்து மாணவர்கள். வரிசை எண் 1 முதல் 5 வரை. மதிப்பெண்கள் முறையே 72, 28, 40, வெற்று, 31. நான்காம் மாணவர் தேர்வுக்கு வரவில்லை. அவருடைய மதிப்பெண் புலம் நிரப்பப்படவில்லை. தரவுத்தளம் இந்த வெற்று நிலையை 'நல்' என்று குறிக்கிறது.

சிறப்பு வகுப்புக்கான பட்டியல் எடுக்க, 'மதிப்பெண் < 35' என்று ஒருவர் நிபந்தனை எழுதுகிறார். 2, 5 ஆகிய இருவர் வருகின்றனர். பிழைச்செய்தி எதுவும் இல்லை. பட்டியல் சரியாகவே தோன்றும்.

இங்கே நாம் விடையைச் சொல்லிவிடக் கூடாது. "'மதிப்பெண் >= 35' என்றும் போட்டுப் பாருங்கள். இரண்டு பட்டியலையும் கூட்டினால் எத்தனை பேர்?" என்று கேட்டால் போதும். 1, 3 ஆகிய இருவர் வருவர். இரண்டும் இரண்டும் நான்கு; மாணவரோ ஐவர். ஒருவர் எங்கே என்று அவரே தேடத் தொடங்குவார்.

காரணம் இதுதான். எஸ்.க்யூ.எல். ஒரு நிபந்தனைக்கு மெய், பொய், தெரியாது என மூன்று மதிப்புகளைத் தரும். 'நல்' என்பது சுழியம் அன்று; மதிப்பு அறியப்படவில்லை என்பதே பொருள். அறியப்படாத ஒன்று 35-ஐ விடக் குறைவா என்று கேட்டால் 'தெரியாது' என்பதே விடை. 'வேர்' பகுதி, நிபந்தனை மெய்யாகும் பதிவுகளை மட்டுமே தரும். எனவே நான்காம் மாணவர் இரு பட்டியலிலும் இல்லை. '= நல்' என்று எழுதினாலும் அவர் வரமாட்டார்; அதன் விடையும் 'தெரியாது'தான். 'மதிப்பெண் < 35 ஆர் மதிப்பெண் ஈஸ் நல்' என்று எழுதினால்தான் மூவரும் வருவர்.

தேர்வுக்கே வராத குழந்தைக்குத்தான் நம் கவனம் கூடுதலாகத் தேவை. அந்தக் குழந்தையையே பட்டியல் ஓசையின்றி விட்டுவிடுகிறது.

சராசரியிலும் இதே சிக்கல்

எஸ்.க்யூ.எல்.லின் சராசரிச் சார்பு 'நல்' மதிப்புகளை விலக்கிவிடும். மொத்தம் 171, வகுப்பது 4, சராசரி 42.75. வராதவருக்கு 0 என்று பதிந்திருந்தால் வகுப்பது 5, சராசரி 34.2. ஒரே வகுப்பு, இரு சராசரிகள். எக்செல் விரிதாளிலும் சராசரிச் சார்பு வெற்றுக் கட்டங்களை விட்டுவிடும், சுழியத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்பதால், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். எழுதியவர்களின் சராசரியா, வகுப்பின் சராசரியா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

உதவும்போது கவனிக்க வேண்டியவை

வினவலை வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999-இல் வெளியிட்ட 'தி ப்ராக்மாட்டிக் புரோகிராமர்' என்ற நூல், நிரலை ஒரு ரப்பர் வாத்துக்கு விளக்கிப் பிழை கண்டறியும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. வாத்து பதில் சொல்லாது; விளக்குபவருக்கே பிழை புலப்படும். பல நேரங்களில் நாமும் அந்த வாத்தாக அமைதியாக இருந்தால் போதும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து இயக்கச் சொல்லுங்கள். மூன்றை ஒருசேர மாற்றினால், எது சரிசெய்தது என்று தெரியாது. "இது கூடவா தெரியாது?" என்ற சொல் வேண்டாம், அதைக் கேட்ட மாணவர் அடுத்த ஐயத்தை மறைத்துக்கொள்வார்.

வினவல் சரியானதும், "ஏன் சரியானது?" என்று ஒரு வரியில் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். அடுத்த நாள் அதே ஐயத்தோடு வரும் வகுப்புத் தோழருக்கு அந்த மாணவரையே விளக்கச் சொல்லலாம்.