மொய் சிடி லேப்டாப்ல மாட்டிக்கிச்சா? ரிப்பேருக்குப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வழக்கமா நாம எஸ்ஐபி, நகைக்கடன், சீட்டுன்னுதான் பேசுவோம். இந்த வாரம் லேப்டாப்ல மாட்டிக்கிட்ட ஒரு சிடியைப் பத்திப் பேசப் போறோம். சேனல் மாறி வந்துட்டோமோன்னு நினைச்சுடாதீங்க. அந்த சிடிக்குள்ள 2,86,450 ரூபாய்க்கான கணக்கு இருந்தது.

போன மாசம் எம்.ரெட்டியபட்டியில இருந்து என் சித்தப்பா போன் பண்ணினார். "தம்பி, சிடி உள்ள போயி மாட்டிக்கிருச்சுப்பா. அருப்புக்கோட்டையில ஒரு கடையில காட்டினேன். டிரைவையே மாத்தணும், ரெண்டாயிரத்து எண்ணூறு ஆகுங்காக. சிடிக்கு கேரண்டி இல்லையாம். கொடுத்துரவா?"

"என்ன சிடி சித்தப்பா?"

"உன் தங்கச்சி கல்யாண மொய் சிடி."

நான் உடனே சொன்னது ஒண்ணுதான்: "யார் கிட்டயும் கொடுக்காதீங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன்."

தங்கச்சி கல்யாணம் 2015 வைகாசியில நடந்தது. அப்ப மதுரை, உசிலம்பட்டி பக்கம் பரவியிருந்த கம்ப்யூட்டர் மொய் நம்ம பக்கமும் வந்துருச்சு. நோட்டுல எழுதுறதுக்குப் பதிலா டைப் பண்ணுவாங்க, மொய் செஞ்சவருக்குக் கையோட ரசீது, முடிஞ்சதும் வீட்டுக்காரருக்கு ஒரு பிரிண்ட் புத்தகமும் ஒரு சிடியும். சித்தப்பா வீட்டுப் புத்தகத்தைக் கரையான் அரிச்சிருச்சு. மிச்சம் இருந்தது பீரோவில கிடந்த அந்த சிடி மட்டும்தான்.

மொய்யைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது அன்பளிப்பு மாதிரி வரும், ஆனா திருப்பிச் செய்ய வேண்டிய கடன். வட்டி கிடையாது, தவணை தேதி கிடையாது, அடுத்தவங்க வீட்டு விசேஷம்தான் தவணை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில இதையே மொய் விருந்துன்னு நடத்தி, வர்ற பணத்துல தொழில் தொடங்குறவங்க உண்டு. எல்லாத்துக்கும் ஆதாரம் அந்தப் பட்டியல்தான். பட்டியல் இல்லாம சித்தப்பா போன தையில ஒரு வீட்டுக்கு உத்தேசமா 200 ரூபாய் எழுதிட்டு வந்திருக்கார். அவங்க இவருக்குச் செஞ்சது 1,000. பஸ் ஸ்டாப்புல பார்த்தாலும் இப்ப அவங்க முகம் கொடுத்துப் பேசுறதில்லை.

ஆக, முதல் கணக்கு இது. அந்த லேப்டாப் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, இன்னிக்கு வித்தா 5,000 ரூபாய் தேறுறதே கஷ்டம். அதுக்குள்ள இருக்கிற டிவிடி டிரைவை சித்தப்பா வருஷத்துக்கு ஒரு தடவை கூட தொடமாட்டார். அதுக்கு எதுக்கு 2,800? நமக்கு வேண்டியது டிரைவ் இல்லை, சிடி. கடைக்காரர் ஏமாத்தினார்னு நான் சொல்லமாட்டேன். அவர் கிட்ட லேப்டாப்பைக் காட்டினோம், அவர் லேப்டாப்புக்கு வைத்தியம் சொன்னார்.

நாங்க என்ன செஞ்சோம்?

பொதுவா சிடி வரலைன்னா முதல்ல சாஃப்ட்வேர் பக்கம் பார்க்கணும். சிடியைப் பயன்படுத்துற பிளேயரை மூடிட்டு, 'திஸ் பிசி'யில டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி 'எஜெக்ட்' கொடுங்க. அசையலைன்னா ரீஸ்டார்ட் பண்ணி, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே டிரைவ் பட்டனை அழுத்துங்க. சில கேஸ் இதுலயே முடிஞ்சிடும்.

நம்ம கேஸ்ல ஆன் பண்ணின உடனே 'சர்ர்ர்'னு உரசுற சத்தம். அப்படிக் கேட்டா ஆராய்ச்சி பண்ணாம ஆஃப் பண்ணிடுங்க. உள்ள சிடி எதுலயோ உரசுதுன்னு அர்த்தம், சுத்தச் சுத்தக் கீறல்தான்.

அடுத்தது ஊசித் துவாரம். டிரைவோட முகப்புல, பட்டன் பக்கத்துல, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். கரண்ட் இல்லாதப்ப திறக்கிறதுக்குன்னே வெச்சது. பட்டனை அழுத்தினா மின்சாரம்தான் உள்ள இருக்கிற கொக்கியை விடுவிக்கும், இந்த ஓட்டை வழியா அதே கொக்கியை நாம கையால தள்ளுறோம். சார்ஜரைக் கழட்டி, பேட்டரி கழட்டுற மாடலா இருந்தா அதையும் கழட்டிட்டு, ஒரு ஜெம் கிளிப்பை நேராக்கி, சாய்க்காம உள்ள விடுங்க. ஏதோ தடுக்கிற மாதிரி இருக்கும், அங்க மெதுவா அழுத்தணும். ஊக்கு வேண்டாம், முனை வழுக்கிட்டுப் போகும்.

'டக்'குனு சத்தம் கேட்டு தட்டு அரை விரல் அளவு வந்து நின்னுருச்சு. சித்தப்பா "இழுத்துரவா"ன்னு கையை நீட்டினார், நான் தடுத்துட்டேன். டார்ச் அடிச்சுப் பார்த்தா காரணம் தெரிஞ்சது. சிடி மேல பொண்ணு மாப்பிள்ளை போட்டோ போட்ட பேப்பர் ஸ்டிக்கர். பத்து வருஷமா நம்ம ஊர் வெயில்ல, ஓட்டு வீட்டு பீரோவுக்குள்ள கிடந்து பசை விட்டு, ஓரம் சுருண்டு மேல் தகட்டுல முட்டிக்கிட்டு இருந்தது. ஒரு விசிட்டிங் கார்டை சிடிக்கு மேல நுழைச்சு, சுருளைக் கீழே அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே தட்டை இழுத்தோம். வந்துருச்சு.

(தட்டே இல்லாம, கீத்து வழியா சிடியை விழுங்குற மாடல்ல இந்த ஓட்டை பெரும்பாலும் இருக்காது. அதுலயும், சிடி உள்ளேயே உடைஞ்சிருந்தாலும், கத்தி, இடுக்கின்னு இறங்காதீங்க. அங்க கடைக்குக் கொடுக்கிற காசு நியாயமான காசு.)

ஸ்டிக்கரை உரிக்காதீங்க!

சித்தி நல்லெண்ணத்துல தேங்கா எண்ணெய் தடவி உரிச்சிடலாம்னாங்க. இங்கதான் நிறைய பேர் தோத்துப் போறாங்க. சிடியில டேட்டா இருக்கிற படலம், நாம நினைக்கிற மாதிரி பளபளக்கிற அடிப்பக்கத்துல இல்லை. மேல, லேபிளுக்கு நேர் கீழ, மெல்லிசா ஒரு வார்னிஷ் பூச்சு மறைவுல இருக்கு. ஸ்டிக்கரை உரிச்சா அதுவும் சேர்ந்து வந்துரும், அப்புறம் எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பாது. டிவிடின்னா அந்தப் படலம் நடுவுல, ரெண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு இடையில இருக்கும். சிடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அதனால தூக்கிட்டு நின்ன பகுதியை மட்டும், இழுக்காம, சின்னக் கத்தரிக்கோலால வெட்டினோம். அடிப்பக்கத்தை மெல்லிய பருத்தித் துணியால நடுவுல இருந்து வெளிப்பக்கமா துடைச்சோம். வட்டமாத் துடைக்காதீங்க. அப்புறம் அதே லேப்டாப்ல மறுபடி போடுற தைரியம் எனக்கு வரலை. தெருவுல ஒரு பையன் வீட்டுல பழைய டெஸ்க்டாப் இருந்தது, அதுல போட்டோம்.

ரெண்டு நிமிஷம் ஒண்ணும் வரலை. சித்தப்பா வாசல்ல போய் நின்னுக்கிட்டார். அப்புறம் ஒரே ஒரு எக்செல் ஃபைல். 412 பேர், ஊர் வாரியா. மொத்த ஃபைலும் நம்ம போன்ல எடுக்கிற ஒரு போட்டோ அளவு கூட இல்லை.

செலவுன்னு பார்த்தா, பட்டியலை ரெண்டு காப்பி பிரிண்ட் எடுத்த 48 ரூபாய். ஒரு காப்பி சித்தப்பா கிட்ட, ஒண்ணு தங்கச்சி வீட்டுல. ஃபைல் என் மெயில்லயும் தங்கச்சி மெயில்லயும் இருக்கு. உங்க வீட்டுலயும் மொய் சிடி, கல்யாண டிவிடின்னு கிடந்தா, மாட்டிக்கிற வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே காப்பி எடுத்துடுங்க. டிரைவ் இல்லாதவங்க யுஎஸ்பி டிவிடி டிரைவை யார் கிட்டயாவது ஒரு நாள் இரவல் வாங்கினா போதும்.

அன்னைக்கு ராத்திரியே சித்தி பென்சிலை எடுத்துக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. வர்ற ஆவணிக்கு நாலு பத்திரிகை வந்திருக்கு. பழைய மொய்யும் அதுக்கு மேல புது மொய்யும் சேர்த்து 6,500 ரூபாய், மிளகாய் வித்த காசுல தனியா எடுத்து வெச்சாச்சு. அந்த 200 ரூபாய் வீட்டுக்கு மட்டும் பத்திரிகைக்குக் காத்திருக்கலை. மறுநாள் காலையிலயே சித்தப்பா 800 ரூபாயைத் துண்டுல முடிஞ்சுக்கிட்டு கிளம்பிட்டார்.