குடோனில் பேசும் பலகைகள்: ஒரு மழைக்கால அனுபவம்



கொள்முதலில்தான் லாபம் என்பார்கள். அந்த லாபம் குடோனில் கரைந்து போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்ற மழைக்காலத்தில் மாதனூரில் உள்ள என் குடோனில் கூரை ஒழுகி, பதினொரு மூட்டை துவரம் பருப்பில் பூசணம் பிடித்துவிட்டது. இத்தனைக்கும் ஈரப்பதம் அளக்கும் கருவிகள் ஆறு அங்கே இருந்தன! இது எப்படி நடந்தது என்பதை நம் வணிகர்களுக்குச் சொல்வது பயன்படும் என்றே எழுதுகிறேன்.

பொறியியல் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் பொருத்திக் கொடுத்த கருவிகள் அவை. ஷாங்காய் நகரின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016ல் வெளியிட்ட ஈஎஸ்பி32 என்ற சில்லு வைத்த சிறிய பலகைகள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். லாரியில் வந்த மூட்டையை ஆட்கள் தோள் மாற்றி உள்ளே சேர்ப்பது போல, கடைசி மூலையில் உள்ள பலகை சொல்லும் கணக்கை அடுத்த பலகை வாங்கி அதற்கடுத்ததிடம் கொடுத்து, கல்லா மேசை வரை கொண்டு வரும். இதை 'மெஷ்', அதாவது வலைப்பின்னல் என்கிறார்கள். ரூட்டர் பெட்டி வேண்டாம். 'பெயின்லெஸ்மெஷ்' என்ற இலவச நிரல் இதைச் செய்கிறது.

நடந்தது இதுதான். நடுவில் இருந்த இரண்டு பலகைகள் பேச்சை நிறுத்திவிட்டன. அவற்றை நம்பியிருந்த மூலைப் பலகையும் துண்டாகிவிட்டது. மேசைத் திரையோ கடைசியாக வந்த 58 சதவீதத்தையே பத்து நாள் காட்டிக்கொண்டிருந்தது. நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

"பலகை மட்டம், தூக்கிப் போடு" என்றேன் நான். "அவசரப்படாதீங்க தாத்தா, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்" என்றான் பேரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பார்த்தோம். பலகையில் பழுதே இல்லை. பழுது இருந்த இடங்கள் வருமாறு:

1. மின்சாரம்: பலகை 3.3 வோல்ட்டில் ஓடுவது. ஆனால் அலை அனுப்பும் கணத்தில் மின்சாரத்தைச் சட்டென்று கூடுதலாக இழுக்கும். 500 மில்லி ஆம்பியராவது தரும் இணைப்பு வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. நாங்கள் பழைய செல்போன் சார்ஜரையும் நீளமான மெல்லிய ஒயரையும் போட்டிருந்தோம். அழுத்தம் குறைந்து பலகை அணைந்து அணைந்து எழுந்திருக்கிறது. இரண்டையும் மாற்றியதும் ஒரு பலகை பேசத் தொடங்கியது.

2. சரக்கு: இந்தப் பலகைகள் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். தகரமும் இரும்பும் அதைத் தடுக்கும். ஈரம் அதை உறிஞ்சும். பொருத்தியபோது குடோன் பாதி காலி. தீபாவளிக்கு எண்ணெய் டின்களைக் கூரை வரை அடுக்கி நாங்களே வழியை அடைத்துவிட்டோம். பலகையை அடுக்குக்கு மேலே ஏற்றி, அதன் ஆன்டெனா முனை இரும்பின் அருகே வராமல் வைத்தோம்.

3. பெயர்: வலைப்பின்னலின் பெயர், கடவுச்சொல், போர்ட் எண் மூன்றும் எல்லாப் பலகையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் சேராது. பின்னால் வாங்கிய ஒரு பலகையில் அந்தப் பிசகு இருந்தது.

4. நிரல்: 'டிலே' என்ற கட்டளையால் பலகையை நெடுநேரம் காக்க வைத்தால், அந்த நேரம் அது யாருக்கும் பதில் சொல்லாது. கடையைத் திறந்து போட்டுவிட்டு ஆள் சாப்பிடப் போன கதைதான். அந்த வரிகளை நீக்கினான்.

5. கால்கள்: தரையில் தண்ணீர் வந்தால் அறிய ஒரு உணர்வி வைத்திருந்தோம். வைஃபை ஓடும்போது ஈஎஸ்பி32ன் சில கால்கள் இத்தகைய அளவைச் சரியாகப் படிக்காது. 32 முதல் 39 வரையுள்ள கால்களில் ஒன்றுக்கு மாற்றியதும் சரியாயிற்று.

பழுது பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மேசை மேல் இரண்டே பலகைகளை வைத்துப் பேச வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யக் கூடாது. பேரேட்டில் உதைக்கும் கணக்கைத் தேடுவது போலத்தான் இதுவும்.

கடைக்கும் குடோனுக்கும் தூரம் அதிகமானால் 'லோரா' பலகைகள் உண்டு. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, நிர்ணயித்த குறைந்த சக்திக்குள், உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம். 915 என்று போட்டது அமெரிக்காவுக்கானது, கேட்டு வாங்குங்கள்.

இப்போது பத்து நிமிடம் ஒரு பலகை பேசவில்லை என்றால் கல்லாவில் சிவப்பு விளக்கு எரிகிறது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது இதுதான். கருவி வந்துவிட்டதென்று மூட்டையில் கை விட்டுப் பார்ப்பதை நானும் நிறுத்தியிருக்கக் கூடாது. பாக்கிக்காரர் பத்து நாள் பேச்சு மூச்சில்லாமல் இருந்தால், கணக்கு தீர்ந்துவிட்டது என்றா நாம் நினைப்போம்?