நெய்வேலி பக்கம் குடிவரப் போறீங்களா? மந்தாரக்குப்பத்தை வெச்சு ஒரு முழு கணக்கு



கல்யாணம் ஆகி நாலஞ்சு வருஷம், கையில ஒண்ணு ரெண்டு சின்னப் பிள்ளைங்க, நெய்வேலியில புதுசா வேலை. இந்த நிலைமையில இருக்கற குடும்பம் முதல்ல கேக்கற கேள்வி, "எந்த ஊர்ல குடியிருக்கறது?" டவுன்ஷிப்லயா, மந்தாரக்குப்பத்துலயா, வடலூர்லயா, விருத்தாசலத்துலயா, இல்ல பக்கத்துல ஒரு கிராமத்துல மனை வாங்கி வீடு கட்டிடலாமா?

பெரும்பாலானவங்க வாடகையை மட்டும் பார்த்து முடிவு பண்றாங்க. ஆனா நெய்வேலி பக்கம் தப்பான இடத்துல காலை வெச்சா, போறது ஆயிரம் ரெண்டாயிரம் வாடகை இல்ல, மொத்த சேமிப்பும் மாட்டிக்கும். ஏன்னு பார்க்கலாம்.

முதல்ல ஊரைப் புரிஞ்சுக்கோங்க

1956-ல ஆரம்பிச்ச நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம்தான் இப்போ என்எல்சி இந்தியா. டவுன்ஷிப் முழுக்க அவங்களோட இடம். வட்டம் வட்டமா பிரிச்ச குவார்ட்டர்ஸ், மரம், அகலமான ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே இருக்கு. ஆனா அங்க உங்களால வீடு வாங்க முடியாது. குவார்ட்டர்ஸ் வேலைக்காகக் கொடுக்கறது. ரிட்டயர் ஆனா காலி பண்ணணும்.

மந்தாரக்குப்பம் டவுன்ஷிப்புக்கு வெளிய, கடலூர்–விருத்தாசலம் ரோட்டுல இருக்கற கடைவீதி ஊர். கெங்கைகொண்டான் பேரூராட்சியைச் சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டு, மளிகை, காய்கறி, மெடிக்கல், நகைக்கடைன்னு அன்றாடத்துக்கு எதுவும் குறைவில்ல. சுரங்கமும் அனல்மின் நிலையமும் பக்கத்துலயே. வேலைக்குப் போக வசதி. அதே காரணத்தாலதான் கவனமாவும் இருக்கணும்.

கணக்கு 1: வாடகை இல்ல, மொத்த மாசச் செலவு

ஒரு உதாரணம் போடுவோம். இதுல வர்ற வாடகை நம்ம கற்பனை, உங்க நம்பரை நீங்க போட்டுக்கோங்க. மந்தாரக்குப்பத்துல வாடகை 7,000 ரூபாய். விருத்தாசலத்துல அதே மாதிரி வீடு 6,000. பார்க்க ஆயிரம் ரூபாய் லாபம்.

விருத்தாசலத்துல இருந்து சுமார் 20 கிலோமீட்டர். போக வர 40. மாசம் 25 நாள்னா 1,000 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 45 கொடுத்தா 22 லிட்டருக்கு மேல பெட்ரோல். 2,200 ரூபாய் அங்கயே போச்சு. ஆயில், டயர், சர்வீஸ் தனி. ஒரு நடைக்கு 40 நிமிஷம்னா மாசத்துக்கு 33 மணி நேரம் ரோட்டுல. ஷிஃப்ட் வேலைன்னா நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூக்கக் கலக்கத்தோட வண்டி ஓட்டணும். இதுக்கு எந்த எக்ஸெல் ஷீட்லயும் கட்டம் கிடையாது.

ஆனா விருத்தாசலத்துக்குன்னு ஒரு பலம் இருக்கு. சென்னை–திருச்சி பாதையில அது ஜங்ஷன். சொந்த ஊர் மதுரை, திருநெல்வேலி பக்கம்னா, இல்ல வாரம் ஒரு தடவை சென்னை போகணும்னா, அந்தக் கணக்கு மாறும். உங்க வாழ்க்கையில அடிக்கடி போற நாலு இடத்தை எழுதுங்க: வேலை, ஸ்கூல், ஆஸ்பத்திரி, அப்பா அம்மா வீடு. மாசத்துக்கு எத்தனை தடவைன்னு பக்கத்துல போடுங்க. அதுக்கப்புறம் வாடகையைப் பாருங்க.

கணக்கு 2: பிள்ளைங்க படிப்பு

பிள்ளை 3 வயசுல இருக்கும்போதே ஊரை முடிவு பண்றீங்கன்னா, அடுத்த 15 வருஷத்துப் படிப்பையும் சேர்த்தே முடிவு பண்றீங்க. தனியார் ஸ்கூல்னா ஃபீஸ் மட்டும் இல்ல, வேன் செலவும் கேளுங்க. கல்வி உரிமைச் சட்டத்துல 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க, வீடு ஸ்கூல்ல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு பார்க்கறாங்க. அதாவது எந்தத் தெருவுல வீடு எடுக்கறீங்கன்றதே ஃபீஸை மாத்தலாம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது.

அரசுப் பள்ளியையும் கணக்குல சேருங்க. 6-ஆம் வகுப்புல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சா மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல இருந்தும், பொறியியல் மாதிரி தொழிற்படிப்புகள்ல 2021-ல இருந்தும் இருக்கு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள்ல காலேஜ் போகும்போது மாசம் 1,000 ரூபாய். பக்கத்துல நல்லா நடக்கற அரசுப் பள்ளி இருக்கற கிராமம், பணக் கணக்குல டவுனை ஜெயிச்சிடலாம். நேர்ல போய், காலையில ஸ்கூல் ஆரம்பிக்கற நேரத்துல வாசல்ல நின்னு பாருங்க. வர்ற பெற்றோர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. வெப்சைட் சொல்லாததை அவங்க சொல்லுவாங்க.

கணக்கு 3: தண்ணியும் காத்தும்

இது நெய்வேலிக்கே உரிய விஷயம். நிலக்கரிக்குக் கீழ அழுத்தத்தோட நிலத்தடி நீர் இருக்கு. அதை இறைச்சு அழுத்தத்தைக் குறைச்சாதான் சுரங்கம் தோண்ட முடியும். சுத்துப்பட்டு கிராமங்கள்ல போர் ஆழம் அதிகமாயிட்டே போகுதுன்னு மக்கள் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். மனை வாங்கினா போர் போடற செலவு உங்க பட்ஜெட்டுல இருக்கா? பக்கத்து வீட்டுல எத்தனை அடியில தண்ணி, எந்த வருஷம் போட்டாங்கன்னு கேளுங்க.

2023-ல பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ரெண்டு அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, சுரங்கம், அனல்மின் நிலையங்களைச் சுத்தி நீரும் மண்ணும் மாசுபட்டிருக்குன்னு சொன்னது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாவே அதை விசாரணைக்கு எடுத்துச்சு. இதைப் படிச்சுட்டு பயப்பட வேண்டாம், டெஸ்ட் பண்ணுங்க. குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வகத்துல தண்ணி சாம்பிள் கொடுக்கலாம். கைக்குழந்தை இருக்கற வீட்டுல, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி செய்யற சின்னச் செலவு இது. அப்படியே மொட்டை மாடியில விரலால தேய்ச்சுப் பாருங்க. தூசு எவ்வளவுன்னு அதுவே சொல்லிடும்.

கணக்கு 4: வாங்கறதா, வாடகையா?

மனையும் வீடும் சேர்த்து 30 லட்சம்னு வெச்சுக்கோங்க. 24 லட்சம் லோன், 8.5 சதவீதம் வட்டி, 20 வருஷம். இஎம்ஐ சுமார் 20,800. வாடகை 7,000. வித்தியாசம் மாசம் 13,800. 3 வருஷம் இதை ஒழுங்கா தனியா எடுத்து வெச்சா, வட்டி இல்லாமலே கிட்டத்தட்ட 5 லட்சம். கையில இருக்கற 6 லட்சம் முன்பணமும் அப்படியே இருக்கும்.

"வாடகை வீண்தானே?"ன்னு கேப்பீங்க. புது ஊர்ல முதல் ஒரு வருஷ வாடகை, அந்த ஊரைப் பத்தித் தெரிஞ்சுக்கறதுக்குக் கட்டற ஃபீஸ். வெயில் காலத்துல தண்ணி எப்படி, மழைக்கு எந்தத் தெரு முழுகுது, ராத்திரி ஆட்டோ கிடைக்குமா, இதெல்லாம் ஒரு வருஷம் இருந்தாதான் தெரியும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும். தனியா வேற மாதிரி ஒத்துக்கலைன்னா அட்வான்ஸ் 3 மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது.

இன்னொண்ணு. என்எல்சியில நிரந்தர வேலைன்னாலும் இந்த ஊர்லயே நிரந்தரம்னு அர்த்தம் இல்ல. நிறுவனத்துக்கு தூத்துக்குடி, ஒடிசா, உத்தரப் பிரதேசம்னு வெளியவும் திட்டங்கள் இருக்கு. 1962-ல மின்சாரம் தர ஆரம்பிச்ச முதல் அனல்மின் நிலையமே 2020-ல மூடப்பட்டது. ஒரே கம்பெனியை நம்பி இருக்கற ஊர்ல உங்க சம்பளமும் அதையே நம்பி இருக்கு, வீட்டு விலையும் அதையே நம்பி இருக்கு. ஒண்ணு ஆடினா ரெண்டும் சேர்ந்து ஆடும். நம்ம தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா உழைச்ச கோலார் தங்கவயலைப் பாருங்க. 2001-ல சுரங்கம் மூடினதும் அங்க இருந்தவங்க தினமும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போக வேண்டியதாச்சு. நெய்வேலிக்கு நாளைக்கே அப்படி ஆகும்னு சொல்லல. எல்லா முட்டையையும் ஒரே கூடையில வைக்காதீங்கன்னு சொல்றேன்.

கணக்கு 5: நிலமெடுப்பு, இதுதான் ரொம்ப முக்கியம்

சுரங்கம் ஒரே இடத்துல நிக்கறது இல்ல, நகர்ந்துட்டே போகும். 2023 ஜூலையில வளையமாதேவியில, நெற்பயிர் நின்ன வயல்ல கால்வாய் வெட்டினதையும் அதுக்கு நடந்த போராட்டத்தையும் டிவியில பார்த்திருப்பீங்க. அங்க பல வருஷத்துக்கு முன்னாடியே எடுப்பு நடந்த நிலத்துல, மக்கள் விவசாயம் பண்ணிட்டு இருந்தாங்க. பச்சைப் பசேல்னு பயிர் நிக்குதுன்றதால நிலம் பிரச்சனை இல்லாததுன்னு முடிவு பண்ண முடியாது.

விலை பக்கத்து ஊரை விட பாதின்னு ஒரு மனை வந்தா, ஏன் பாதின்னு கேளுங்க. 2013 நிலமெடுப்புச் சட்டத்துல, முதல்நிலை அறிவிப்பு வந்த நிலத்தை கலெக்டர் அனுமதி இல்லாம விக்க முடியாது. அதாவது உங்க பணம் அங்கயே உறைஞ்சு நிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க:

1. சர்வே நம்பரை எடுத்துட்டு விஏஓ, தாலுகா ஆபீஸ், என்எல்சிக்கான நிலமெடுப்பு அலுவலகம் மூணு இடத்துலயும் கேளுங்க. எழுத்துல பதில் வேணும்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு.
2. பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆன்லைன்ல பாருங்க. வில்லங்கச் சான்று குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போடுங்க.
3. நிலம் கொடுத்தவங்களுக்கு ஒதுக்கின மாற்று மனையா இருந்தா, பட்டா யார் பேர்ல இருக்குன்னு பார்க்காம டோக்கன் அட்வான்ஸ்கூட கொடுக்காதீங்க.
4. டிடிசிபி அங்கீகாரம் இல்லாத மனையா? 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி மனையா பதிவாகி இருக்கா, வரன்முறை ஆகி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா பத்திரமே பதிய முடியாது.
5. லோன் தேவை இல்லன்னாலும் ஒரு அரசு வங்கியில கேட்டுப் பாருங்க. வங்கியோட வக்கீல் வேணாம்னு சொன்னா, உங்களுக்கும் வேணாம்.

பத்திரச் செலவு மொத்தம் 9 சதவீதம்: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. 10 லட்சம் மனைக்கு 90,000 ரூபாய். 2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சம் வரைக்குமான சொத்தைப் பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறையும். மனைவி பேர்ல பதிஞ்சா 10,000 மிச்சம்.

"பத்திரத்துல விலையைக் குறைச்சுப் போடலாம், செலவு மிச்சம்"னு புரோக்கர் சொல்லுவார். இந்தப் பக்கம் அதுக்கு ரெண்டு மடங்கு ஜாக்கிரதை வேணும். நாளைக்கு நிலம் எடுத்தா, சந்தை மதிப்பை வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துல பதிவான பத்திர விலையையும் வெச்சுதான் நிர்ணயம் பண்ணுவாங்க. அதுக்கு மேல 100 சதவீதம் ஆறுதல் தொகையும் அந்த மதிப்பை வெச்சுதான். 12 லட்சம் கொடுத்துட்டு 5 லட்சத்துக்குப் பத்திரம் போட்டா, மீதி 7 லட்சத்துக்கு உங்ககிட்ட ஒரு காகிதமும் இருக்காது. சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் பல லட்சம் போயிடும்.

அப்போ என்னதான் பண்றது?

ஷிஃப்ட் வேலை, சின்னப் பிள்ளைங்க, குவார்ட்டர்ஸ் கிடைக்குதுன்னா: யோசிக்காம எடுத்துக்கோங்க. ஆனா மிச்சமாகற வாடகையை முதல் மாசத்துல இருந்தே தனியா முதலீடு பண்ணுங்க. ரிட்டயர்மெண்ட் அன்னைக்கு வீடு கையில இருக்காது.

குவார்ட்டர்ஸ் இல்ல, ஒப்பந்த வேலைன்னா: மந்தாரக்குப்பத்துலயோ வடலூர்லயோ ஒரு வருஷம் வாடகை. 6 மாசச் செலவு அவசர நிதியா சேரும் வரைக்கும் மனைப் பேச்சே வேண்டாம்.

கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் வேலை வேணும்னா: ரெண்டாவது சம்பளம் எங்க கிடைக்கும்னு பார்த்து ஊரை எடுங்க. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பக்கம் போக வர வசதியான இடம், கொஞ்சம் அதிக வாடகைன்னாலும் லாபம்தான்.

சொந்த கிராமம் பக்கத்துலயே இருக்கு, அப்பா அம்மா பிள்ளைங்களைப் பார்த்துப்பாங்கன்னா: அதுக்கு ஈடு எதுவும் கிடையாது. ஆனா அந்த கிராமத்தோட சர்வே நம்பரையும் தண்ணியையும் மேல சொன்ன மாதிரி பார்த்துட்டு, அப்புறமா வீட்டுக்குச் செலவு பண்ணுங்க.

இந்த வாரக் கடைசியில ஒரு நோட்டை எடுத்து, மூணு ஊர் பேர் எழுதி, அஞ்சு கணக்கையும் போடுங்க. வீட்டுக்காரம்மா, வீட்டுக்காரர் ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து போடுங்க, ஏன்னா அந்த ஊர்ல வாழப் போறது ரெண்டு பேரும்தான். நெய்வேலி பக்கம் மனை பார்த்துட்டு இருக்கற நண்பர் யாராவது இருந்தா, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இதை அவங்களுக்கு அனுப்பிடுங்க.