காவல் நாய்க்கும் தனிப் படுக்கை வேண்டும்

ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியைச் சிப்காட் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் சூழ்ந்துவிட்ட போதிலும், சுற்றுவட்டாரக் கிராமங்களில் ராகி, தக்காளி, முட்டைக்கோஸ், ரோஜா சாகுபடி தொடர்ந்து நடந்து வருகிறது. 1824ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மத்திகிரி கால்நடைப் பண்ணை அமைந்துள்ள இப்பகுதி, கறவை மாடு வளர்ப்புக்கும் பெயர் பெற்றது. மோட்டார் ஒயர், காய்கறி, ஆடு, கோழி ஆகியவற்றைக் காக்க இங்குள்ள சிறு விவசாயிகள் நாய் வளர்க்கின்றனர். நாய்க்கு நாள் தவறாமல் சோறு வைப்பவர்கள்கூட, அது இரவில் எங்கே படுக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

படுக்க இடம் தரப்படாத நாய், தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர் பகுதியில் மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் அதிகம். அப்போது நாய் நாடுவது வைக்கோல் போர், தவிட்டு மூட்டை, மாட்டுக் காடி ஆகிய மூன்றைத்தான். தொல்லை இங்குதான் தொடங்குகிறது.

தீவனத்தில் நாய் படுத்தால்

நாயின் சாணத்தின் வழியே சில ஒட்டுண்ணிகள் தீவனத்தில் கலந்து கால்நடைகளைத் தாக்குகின்றன. நியோஸ்போரா என்ற நுண்ணுயிரி அவற்றுள் ஒன்று. இதற்கு 1988இல் பெயர் சூட்டப்பட்டது. நாயின் சாணத்தில் இதன் முட்டைகள் வெளியேறுகின்றன என்பது 1998இல் உறுதி செய்யப்பட்டது. அசுத்தமான தீவனத்தைத் தின்னும் சினை மாட்டுக்கு, பெரும்பாலும் ஐந்து, ஆறு மாதச் சினையில் கரு கலைந்துவிடும். மாடு ஈன்றவுடன் விழும் நஞ்சுக்கொடியையும், கலைந்து விழுந்த கன்றையும் தின்னும் நாய்க்கு இந்நோய் தொற்றும். எனவே அவற்றை நாய்க்குக் கிடைக்காதபடி ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும்.

நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டைகள் ஆட்டின் வயிற்றுக்குள் சென்றால், மூளையில் நீர்க்கட்டி உண்டாகும். அந்த ஆடு தலையைச் சாய்த்தபடி ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, நாளடைவில் இறக்கும். வேறொரு நாடாப்புழு மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகளை உண்டாக்கும். ஆகவே நாய்க்குத் தனிப் படுக்கை அமைப்பது நாயின் சுகத்துக்காக மட்டும் அன்று. கொட்டகையில் உள்ள கால்நடைகளையும் வீட்டில் உள்ளவர்களையும் காப்பதற்கும் அது தேவை.

உண்ணி வாழும் இடம்

நாயின் உடலில் காணப்படும் பழுப்பு உண்ணி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் உடலுக்கு வெளியேதான் கழிக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்தபின் கீழே விழுந்து, படுக்கையின் மடிப்பிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். நன்கு இரத்தம் குடித்த ஒரு பெண் உண்ணி சில ஆயிரம் முட்டைகள் இடும். தெள்ளுப்பூச்சியின் முட்டைகளும் நாயின் உடலிலிருந்து உதிர்ந்து படுக்கையில்தான் பொரிக்கின்றன.

நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டுப் பழைய சாக்கையே மீண்டும் விரித்தால் பயன் இல்லை. உண்ணி மூலம் பரவும் எர்லிச்சியா, பேபிசியா ஆகிய நோய்கள் கண்ட நாய் சோறு தின்னாது. காய்ச்சல் 103 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் போகும். ஈறு வெளுக்கும். மூக்கில் இரத்தம் வடிவதும், சிறுநீர் காப்பி நிறத்தில் போவதும் உண்டு. இக்குறிகள் தென்பட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அளவும் உயரமும்

நாய் கால்களை நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு முனையிலிருந்து வால் அடி வரை அளந்து, அதனுடன் அரை அடி சேர்த்தால் படுக்கையின் நீளம் கிடைக்கும். நடுத்தர அளவுள்ள நாட்டு நாய்க்கு மூன்றரை அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் போதும்.

மண் தரையும் சிமெண்டுத் தரையும் மழைக்காலத்தில் ஈரம் கசியும். ஆதலால் படுக்கை தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருப்பது நல்லது. நான்கு கால் வைத்த மரச்சட்டத்தில் தேங்காய் நார்க் கயிற்றைப் பின்னினால் சிறு கட்டில் தயார். வெயில் காலத்தில் விரிப்பு எதுவும் இன்றி இதில் நாய் படுத்துக்கொள்ளும். கீழே காற்றோட்டம் இருப்பதால் சூடு தெரியாது.

பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் பேலட் எனப்படும் சரக்கு மரத்தட்டையும் பயன்படுத்தலாம். ஆனால் ஆணிகளைப் பிடுங்கி, சிலாம்புகளை இழைத்துவிட வேண்டும். எண்ணெயோ இரசாயனமோ சிந்திய தட்டு உதவாது. வெளிநாட்டுச் சரக்குடன் வந்த தட்டுகளில் முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டது என்று பொருள். எம்.பி. என்ற எழுத்துகள் இருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயு ஏற்றப்பட்டது. அதைத் தவிர்க்க வேண்டும்.

எதை விரிக்கலாம்?

சுத்தமான கோணிச் சாக்கில் நன்கு காய்ந்த ராகித்தாள் அல்லது நெல் வைக்கோலைத் திணித்து வாயைத் தைத்துவிட்டால் செலவில்லாத மெத்தை கிடைக்கும். மாடு ஒதுக்கும் தடித்த அடித்தாளையும் காயவைத்து இதற்குப் பயன்படுத்தலாம். கைமுட்டியால் மெத்தையை அழுத்தும்போது அடியில் உள்ள கட்டை தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் தாள் போதவில்லை என்று அறியலாம். குளிர் மாதங்களில் மேலே பழைய ஆட்டு ரோமக் கம்பளி ஒன்றை விரித்தால் வெதுவெதுப்பாக இருக்கும்.

உள்ளே உள்ள தாளை இரு வாரங்களுக்கு ஒரு முறையும், அடைமழைக் காலத்தில் வாரந்தோறும் மாற்ற வேண்டும். எடுத்த தாளை மாட்டுக்குப் போடக் கூடாது. எரித்துவிடுவதே நல்லது. சாக்கைக் கொதிநீரில் முக்கித் துவைத்து, கடும் வெயிலில் இரு புறமும் காயவைக்க வேண்டும். கட்டிலின் கயிற்று இடுக்குகளிலும் கொதிநீர் ஊற்றலாம்.

தவிர்க்க வேண்டியவை

உரம், பூச்சிமருந்து, மருந்து கலந்த விதை இருந்த பைகளை நாய்க்கு விரிக்கவே கூடாது. நாய் தன் உடலை நக்கும்போது நஞ்சு வயிற்றுக்குள் போய்விடும். உண்ணிக்காகப் பயிர் மருந்தை நாயின் மேலோ படுக்கையிலோ தெளிப்பதும் உயிருக்கு ஆபத்து. மருத்துவர் தரும் மருந்தை, அவர் சொன்ன அளவில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

கடித்துக் குதறும் பழக்கமுள்ள நாய்க்குப் பழைய ஸ்பாஞ்சு மெத்தை ஏற்றதன்று. விழுங்கிய துண்டு குடலை அடைத்துக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலும், தூசி பறக்கும் மரத்தூளும், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தென்னை நார்க்கழிவும் வேண்டாம்.

தனிக் கவனம் தேவைப்படும் நாய்கள்

சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான நாய்களுக்கு உடலில் கொழுப்பு குறைவு; முடியும் குட்டை. வெறுந்தரையில் படுத்தால் முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் தோல் தடித்துக் காய்த்துவிடும். சில வேளை நீர் கோத்து வீங்கும். இவற்றுக்கு மெத்தை நான்கு அங்குல கனமாவது இருக்க வேண்டும். மூட்டு வலியால் அவதிப்படும் வயதான நாய்க்குக் கட்டிலின் உயரத்தைக் குறைத்து மெத்தையின் கனத்தைக் கூட்டலாம்.

பிறந்த குட்டிகளால் முதல் இரு வாரங்களுக்குத் தம் உடல் சூட்டைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. ஈனும் நாய்க்கு மூன்று புறம் அடைத்த பெட்டியில் செய்தித்தாளை அடுக்கி, மேலே சுத்தமான பழைய பருத்தித் துணியை விரிக்க வேண்டும். பெட்டியின் உட்புறம், தரைக்கு மேல் நான்கு அங்குலத்தில் சுற்றிலும் ஒரு கட்டையை அடித்தால், தாயின் உடலுக்கும் பலகைக்கும் இடையே குட்டி நசுங்காது.

இடமும் பழக்கமும்

காவல் நாய் வாசலையோ தோட்டத்து வழியையோ பார்த்தபடி படுக்கவே விரும்பும். அவை தெரியாத மூலையில் எவ்வளவு நல்ல படுக்கை போட்டாலும் அதில் தங்காது. மழைச் சாரலும் குளிர்க் காற்றும் படாத தாழ்வாரம் ஏற்ற இடம். மாட்டுக் காடிக்கும் தீவன அறைக்கும் எட்டி இருக்க வேண்டும். முதல் சில நாட்கள் நாய் படுத்துப் பழகிய துணியை அதில் போட்டு, சோற்றையும் அருகிலேயே வைத்தால் விரைவில் பழகிவிடும். படுக்கையில் இருக்கும்போது அதை அடிப்பதோ அதட்டுவதோ கூடாது.

படுக்கை அமைத்த பிறகும் வைக்கோல் போரைச் சுற்றி முள்வேலி இட்டு, தவிடு, பிண்ணாக்கை மூடியுள்ள தொட்டியில் வைப்பது அவசியம். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு நீக்க மருந்தும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் தவறக் கூடாது. ஒரு சாக்கு, இரண்டு கட்டுத் தாள், நான்கு கட்டை ஆகியவையே இதற்கு மூலதனம். சினை மாடு ஒன்றின் கரு கலைந்தால் ஏற்படும் நட்டத்தோடு ஒப்பிட்டால், இது ஒரு செலவே அன்று.