பால் சங்கத்தில் ஒரு பாடம்

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி தீப்பெட்டி அளவுக் கருவியோடு என்னிடம் வந்தாள். பாலில் கலப்படம் இருந்தால் காட்டிவிடும்.

“இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரை அனுப்பிட்டியாம்மா?”

“இன்னும் இல்ல சார்.”

எனக்கு நிம்மதி. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் கட்டுரை வெளிவந்தால், நம் நாட்டில் அந்த உரிமை பெரும்பாலும் கைநழுவிவிடும். தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால், முழு விண்ணப்பத்துக்கு 12 மாத அவகாசம் உண்டு.

அடுத்த வேலையாக, விடிகாலை 5 மணிக்கு அவளைப் பால் சங்கத்துக்கு அனுப்பினேன். செயலாளர் கருவியைப் புரட்டிப் பார்த்தாராம். “ஈரக் கையோட தொட்டா ஓடுமாம்மா? கேனெல்லாம் வரிசையில நிக்குது. ஒரு கேனுக்கு அரை நிமிஷம்தான்.” அவள் கருவிக்கு 4 நிமிடம் வேண்டும். இதை எந்த ஆய்வகமும் அவளுக்குச் சொல்லியிருக்காது.

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் தொடங்கிய ‘ஐ-கார்ப்ஸ்’ பயிற்சியில், இப்படிப் பயன்படுத்தக்கூடியவர்கள் 100 பேரை 7 வாரத்தில் சந்திக்கச் சொல்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்களுக்கும் இது அவசியம் என்பேன்.

அவள் இப்போது 23ஆவது சங்கத்துக்குப் போயிருக்கிறாள். கருவிக்கு ரப்பர் உறை போட்டாயிற்று.