கோப்பு நகர்ந்தால் போதாது, புள்ளியும் சேர வேண்டும்!

புது தில்லி: தில்லி அம்பேத்கர் சர்வதேச மையத்தில் 2024 அக்டோபர் 19-ம் தேதி தேசிய கற்றல் வாரத்தைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். மத்திய அரசு ஊழியர் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் குறைந்தது 4 மணி நேரமாவது பாடம் படிக்க வேண்டும் என்பது இலக்கு. படிப்பு வகுப்பறையில் அல்ல, கணினியிலும் செல்பேசியிலும். படித்து முடித்தால் சான்றிதழ் மட்டுமன்றி "கர்மா புள்ளிகள்", பேட்ஜுகள் ஆகியவையும் உண்டு. யார் முந்துகிறார் என்று காட்டும் முன்னணிப் பட்டியலும் உண்டு.

பலனை எதிர்பாராமல் கடமையாற்றுபவரே கர்மயோகி. அவருக்கே புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறார்கள்!

"மிஷன் கர்மயோகி" திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2020 செப்டம்பர் 2-ம் தேதி ஒப்புதல் அளித்தது. சுமார் 46 லட்சம் ஊழியர்களுக்காக ஐந்தாண்டுகளில் ரூ.510.86 கோடி செலவிடத் திட்டமிடப்பட்டது. திட்டத்தின் நோக்கத்தைக் குறைகூற முடியாது. ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு முசௌரியில் அகாதெமி இருக்கிறது. ஆனால் எழுத்தராகச் சேர்ந்து பிரிவு அலுவலராக ஓய்வு பெறுபவருக்கு, பணிக்காலம் முழுவதும் கிடைக்கும் முறையான பயிற்சி சொற்பமே. அவருக்கும் "ஐகாட் கர்மயோகி" இணையதளம் வழி திறந்திருக்கிறது. 2025 மே மாதத்தில் அதில் பதிவு செய்தோர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது.

விளையாட்டின் உத்திகளை வேலைக்குப் பயன்படுத்துவது புதிதல்ல. ஆள் சேர்ப்பதற்காகவே அமெரிக்க ராணுவம் 2002-ல் ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டு, 2022 வரை நடத்தியது. இந்திய விமானப் படையும் இளைஞர்களை ஈர்க்க 2019 ஜூலையில் செல்பேசி விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. ஆனால் அவற்றை ஆடுவதும் விடுவதும் இளைஞரின் விருப்பம். தோற்றவருக்கு நஷ்டம் ஏதுமில்லை.

அரசு ஊழியரின் நிலை அதுவல்ல. கர்மயோகி பாடங்களை முடிப்பதை ஆண்டுப் பணிமதிப்பீட்டு அறிக்கையுடன் இணைக்கும் உத்தரவை மத்திய பணியாளர், பயிற்சித் துறை 2025-ல் பிறப்பித்தது. பதவி உயர்வுக் குழுவின் முன் வைக்கப்படுவது இந்த அறிக்கைதான். அத்துடன் இணைந்துவிட்ட பிறகு அதை விளையாட்டு என்று சொல்ல என்ன இருக்கிறது?

இந்த அறிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு அது "ரகசிய அறிக்கை". மேலதிகாரி என்ன எழுதினார் என்பது பாதகமான குறிப்பு இருந்தால்தான் ஊழியருக்குத் தெரியும். எல்லைச் சாலைகள் பொறியாளர் ஒருவருக்கு "நன்று" என்று எழுதியிருந்தார்கள். பாராட்டுப் போலத் தோன்றும் அந்தச் சொல்லே அவரது பதவி உயர்வைத் தடுத்தது. உயர்வுக்குத் தேவைப்பட்டது "மிக நன்று". அவருக்கோ அது தெரிவிக்கப்படவே இல்லை. தேவ தத் வழக்கு எனப்படும் இதில், எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே முழு அறிக்கையையும் காட்டுமாறு மத்திய அரசு உத்தரவிட்டது.

மேலதிகாரி எழுதிய குறிப்பை எதிர்த்து முறையிடலாம். புள்ளிப் பட்டியலை எதிர்த்து என்னவென்று முறையிடுவது? எத்தனை பாடம் முடிந்தது என்பதைக் கணினி சரியாகவே சொல்லும். மனதில் என்ன பதிந்தது என்பதைச் சொல்லாது. வீடியோவை ஓடவிட்டுக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அதே பட்டியலில்தான் இருப்பார். நாள் முழுதும் கணினி முன் அமர்ந்திருக்கும் உதவியாளருக்கும், தண்டவாளத்தில் நடந்து பணி செய்யும் ரயில்வே தொழிலாளிக்கும் பாடம் படிக்கக் கிடைக்கும் நேரம் ஒன்றல்ல. மனு கொடுத்துவிட்டு கவுன்டரில் காத்திருப்பவருக்கு, எதிரே இருப்பவரின் கர்மா புள்ளி எத்தனை என்பதில் அக்கறை இருக்கப்போவதுமில்லை.

தனியார் துறையில் இது இன்னும் ஒருபடி முன்னதாகவே, வேலைக்கு ஆள் எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. திரையில் பலூன் ஊதுவது, படங்களை நினைவில் வைத்துப் பொருத்துவது போன்ற சிறு ஆட்டங்களை ஆடச் சொல்லி, விண்ணப்பதாரரின் துணிவையும் கவனத்தையும் கணிக்கும் முறை பன்னாட்டு நிறுவனங்களில் உண்டு. அந்தத் தகவல்கள் யாருக்குச் சொந்தம் என்பதே கேள்வி.

இதற்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது விவாதம் ஆழமாக நடைபெறவில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா 2023 ஆகஸ்ட் 7-ல் மக்களவையிலும் 9-ல் மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அப்போது எதிர்க்கட்சிகளின் கவனம் மணிப்பூர் மீது இருந்தது. அச்சட்டத்தின் 7-வது பிரிவு, "வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காக" ஊழியரின் தரவுகளை அவரது ஒப்புதல் இன்றியே பயன்படுத்த இடமளிக்கிறது. வேலை கேட்டு வரும் விண்ணப்பதாரர் இதில் அடங்குவாரா என்பதைச் சட்டம் தெளிவாக்கவில்லை. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முதன்மைப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள் அவகாசம் தரப்பட்டுள்ளது.