மறையூர் வெல்லம்: கைப்பதத்துக்கு வந்த சோதனை

புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. போலிகளை விரட்டுவதுதான் பாக்கி.

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில் சுமார் 40 கி.மீ. வந்தால் தேயிலைத் தோட்டங்கள் விடைபெறுகின்றன. வேலியிட்ட சந்தனக் காடுகளுக்கு நடுவே கரும்பு வயல்கள். ஓலைக் கொட்டகைகளிலிருந்து புகையும் பாகு வாசனையும். இது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மலைகளின் மழை மறைவில் இருக்கும் மறையூர்.

இங்குள்ள பழைய குடிகள் பேசுவது தமிழ். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்து அஞ்சுநாடு. தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்களது வாய்மொழி வரலாறு. அஞ்சுநாட்டு விவசாயிகளுக்கும் முதுவர் பழங்குடியினருக்கும் வெல்லம் காய்ச்சுவது குடும்பத் தொழில்.

செய்முறை ஏட்டைப் பார்த்துக் கற்றதல்ல. கரும்புச் சாறு பெரிய கொப்பரையில் மணிக்கணக்காகக் கொதிக்கிறது. எரிபொருள் அதே கரும்பின் காய்ந்த சக்கை. சாற்றில் சேரும் சுண்ணாம்பு அதன் புளிப்பைத் தணிக்கிறது; அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வருகிறது. சுண்ணாம்பு குறைந்தால் வெல்லம் இறுகாது. கூடினால் கறுத்துவிடும். பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு, உருண்டு வருகிறதா என்று விரலால் பார்ப்பதுதான் பதச் சோதனை. பிறகு மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். சுமார் 100 கிலோ கரும்புக்குக் கிடைப்பது 10 கிலோ சொச்சம்தான்.

தந்தையின் அருகில் நின்று மகன் கற்றுக்கொண்ட இந்தக் கைப்பதத்துக்கு 2019 மார்ச்சில் அரசு அங்கீகாரம் வந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் மறையூர் வெல்லம் புவிசார் குறியீடு பெற்றது. அதிக இனிப்பு, அதிக இரும்புச் சத்து, குறைந்த சோடியம் ஆகியவை இதன் சிறப்புகளாக முன்வைக்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் பழனி பஞ்சாமிர்தமும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் சான்றிதழ் சந்தையைக் காவல் காக்காது. வெளியிடங்களிலிருந்து மலிவு விலையில் வரும் வெல்லம் மறையூர் பெயரில் விற்கப்படுகிறது என்பது இங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் புகார். பொய்ப் பெயரில் விற்பவரைச் சிறைக்கு அனுப்பச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் சாலையோரக் கடையில் அடுக்கியிருக்கும் உருண்டை எந்தக் கொப்பரையில் பிறந்தது என்று நிரூபிப்பது யார்?

இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. போலியின் விலையோடு போட்டியிட முடியாத விவசாயி கரும்பை விட்டு வேறு பயிருக்குப் போய்விடுவார். வயல் போனால் ஆலை போகும். ஆலை போனால் பதம் பார்க்கும் கண்ணும் போகும். கரும்பை மறுபடி நட்டுவிடலாம். ஒரு தலைமுறை கற்காமல் விட்டதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லித் தர ஆள் இருக்காது.

வாங்குபவர் கையிலும் கொஞ்சம் காவல் இருக்கிறது. மறையூர் உருண்டை அடர் பழுப்பு நிறம். பளிச்சென்ற மஞ்சள் அல்ல. ரசாயனம் போட்டு வெளுத்தாலும் வெல்லத்துக்கு அந்த மஞ்சள் வரும். கேரளத்துப் பாயசமோ தமிழகத்துப் பொங்கலோ, பானையில் விழும் வெல்லம் கறுப்பாக இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. விலை மலிவாக இருந்தால்தான் தயங்க வேண்டும்.